மண்ணுக்குள் போகும் பல்லக்குகள்

2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்களில் கையில் கைப்பேசி இருந்த எல்லோரும் ஒரு சவ ஊர்வலத்தைப் பார்த்திருப்போம். கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த சிலர், தோளில் சவப்பெட்டி, கால்களில் ஆட்டம். யாரோ வழுக்கி விழும் காணொளி முடிகிற இடத்தில் இவர்களின் ஆட்டத்தை ஒட்டவைத்து, துள்ளலிசை ஒன்றையும் சேர்த்து உலகம் சிரித்தது. ஆடியவர்கள் கானா நாட்டின் ப்ராம்ப்ராம் என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்தவர்கள். அவர்களின் தலைவர் பெஞ்சமின் ஐடூ. அந்த இசை அவர்களுடையதன்று. பிறகு யாரோ சேர்த்தது. உலகம் சிரித்துக்கொண்டிருந்த அதே வாரங்களில், கானாவில் அடக்கத்துக்கு 25 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதித்திருந்தது. சாவுக்கு ஊரே திரண்டு வரும் ஒரு நாட்டில் குடும்பங்கள் தங்கள் பெரியவர்களைச் சத்தமில்லாமல் அடக்கம் செய்தன. அந்த வருத்தம் எந்தக் காணொளியிலும் இல்லை.

ப்ராம்ப்ராமிலிருந்து தலைநகர் அக்ராவை நோக்கி நீளும் அதே கடற்கரையில் நுங்குவா, தெஷி, லா ஆகிய ஊர்கள் இருக்கின்றன. இங்கே வாழும் கா இன மக்கள் தங்கள் இறந்தோரில் சிலரை மீன் வடிவப் பெட்டியிலும், வெங்காய வடிவப் பெட்டியிலும், விமானத்திலும், மெர்சிடிஸ் பென்ஸ் காரிலும் வைத்துப் புதைக்கிறார்கள். உலக வினோதங்களைத் தொகுக்கும் எந்தப் பட்டியலிலும் இந்தப் பெட்டிகளுக்குத் தவறாமல் இடமுண்டு. பட்டியல் போடுகிறவர்கள் பெட்டியின் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். அது யாருக்காகச் செய்யப்பட்டது, எந்த வழியாகத் தூக்கிச் செல்லப்பட்டது, அப்படித் தூக்கிச் செல்லப்படும் உரிமை அதற்கு முன்பு யாரிடம் இருந்தது என்று கேட்பதில்லை. கேட்டால், மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையின் ஒரு நூற்றாண்டு அந்த மரப்பெட்டிக்குள் இருப்பது தெரியும். இது ஆதிகால வழக்கமும் அன்று. பொதுமக்களுக்கான உருவப் பெட்டிகளின் வயது இன்னும் நூறைத் தொடவில்லை. தலைவர்கள் மட்டுமே ஏறிய பல்லக்கில் மீனவரும் வெங்காய வியாபாரியும் ஏறிக்கொண்ட கதை இது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பட்டறைக்குப் போவோம். ஒரு மீனவர் இறந்திருக்கிறார். குடும்பம் சிவப்பு மீன் ஒன்றைக் கேட்கிறது. உடல் மார்ச்சுவரியில் இருக்கிறது. கானாவில் இறப்புக்கும் அடக்கத்துக்கும் நடுவே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இடைவெளி விழுவது சாதாரணம். அந்த இடைவெளி இல்லையென்றால் இந்தக் கலையே இல்லை. தச்சர் உடலின் நீளத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வார். வரைபடம் எதுவும் போடுவதில்லை. குடும்பம் கொண்டுவரும் ஒரு புகைப்படமோ அவர் நினைவில் இருக்கும் மீனோ போதும். மரம் பெரும்பாலும் வாவா. வெளிர் நிறம், எடை குறைவு, உளிக்கு இணங்கிக்கொடுக்கும், விலையும் மலிவு. பலகைகளை ஒன்றோடொன்று ஆணியடித்து முரட்டுத்தனமான ஒரு கூடு கட்டுகிறார்கள். அந்த நிலையில் பார்த்தால் அது படகா மீனா என்று சொல்ல முடியாது. பிறகு வாய்ச்சி இறங்குகிறது. விளிம்புகள் உருண்டு, வயிறு புடைத்து, வால் பக்கம் ஒடுங்கி மீனின் உடல் வெளியே வருகிறது. செதில்களும் துடுப்புகளும் தனியாகச் செய்து பொருத்தப்படும். பலகைகளின் இடைவெளிகளில் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வண்ணம் பூசுகிறார்கள். செதில்களைத் தூரிகையால் ஒவ்வொன்றாக எழுதுவார்கள். மூடி எங்கே திறக்கிறது என்பதில்தான் கைத்திறன் தெரியும்: முதுகின் ஒரு பகுதி அப்படியே மேலே எழும்பும், மூடினால் வெட்டு செதில்களின் கோட்டுக்குள் மறைந்துவிடும். உள்ளே பளபளக்கும் துணி, ஓரங்களில் கொசுவம். மொத்தமாக இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும் வேலை. பட்டறையில் கற்றுக்கொள்ளும் பையன்கள் முதலில் தேய்க்கிறார்கள், பிறகு ஆணியடிக்கிறார்கள், பல ஆண்டுகள் கழித்தே முகம் செதுக்க விடப்படுகிறார்கள்.

இத்தனை வேலையையும் ஊர் பார்ப்பதற்குக் கிடைப்பது ஒரு நாள். பெரும்பாலும் அது சனிக்கிழமை. பெட்டி வீட்டுக்கு வந்து, உடலை ஏற்று, தெருவில் போய், குழிக்குள் இறங்கிவிடும்.

என்ன உருவம் என்பதைப் பொதுவாகக் குடும்பப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். தொழிலைக் காட்டும் உருவங்களே அதிகம்: மீன், இறால், படகு, படகின் மோட்டார், கோகோ காய், தையல் இயந்திரம், இழைப்புளி, புகைப்படக் கருவி. லாரி ஓட்டியவருக்கு லாரி. அதன் முன்புறம் எழுதியிருந்த வாசகம் உட்பட. ஆனால் தொழிலோடு அர்த்தம் முடிந்துவிடுவதில்லை. கா மொழியில் இந்தப் பெட்டிகளின் பெயர் அபெபூ அடெகாய். பழமொழிப் பெட்டிகள் என்று பொருள். மிளகாய் வடிவப் பெட்டி மிளகாய் பயிரிட்டவருக்கும் போகலாம், சுருக்கென்று கோபம் வரும் ஒரு பெரியவருக்கும் போகலாம். தாய்க்கோழியும் சுற்றிலும் குஞ்சுகளுமாக ஒரு பெட்டி உண்டு. பல பிள்ளைகளைப் பெற்று வளர்த்த, வீட்டைக் கட்டுக்குள் வைத்திருந்த மூதாட்டிக்கு அது. கா மக்களின் அண்டை இனமான அகான் மக்களிடம் புழங்கும் ஒரு பழமொழி அதன் பின்னால் நிற்கிறது: கோழி தன் குஞ்சை மிதிக்கும், கொல்லாது. 'கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா' என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு உரை தேவையில்லை. கினி வளைகுடாவின் கரையில் ஒரு தச்சர் செய்த பெட்டியைத் தமிழ்க் கிராமத்துப் பாட்டி ஒருவர் பார்த்தால், அருகே நிற்கும் ஐரோப்பியச் சுற்றுலாப் பயணியைவிட வேகமாகப் புரிந்துகொள்வார் என்று நம்புகிறேன்.

இறந்தவர் போய்விடுவதில்லை என்பது கா மக்களின் அடிப்படை நம்பிக்கை. மூதாதையர் உயிரோடிருப்பவர்களைவிட வலிமையானவர்கள். அவர்கள் மனம் குளிர்ந்தால் குடும்பம் தழைக்கும். புறக்கணிக்கப்பட்டால் நோயும் சண்டையும் வரும். அவர்களே அதே குடும்பத்தில் குழந்தையாகத் திரும்பி வரவும் கூடும். எனவே நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் முதல் வாய் மது தரையில் ஊற்றப்படுகிறது. அதற்கு இன்றும் பெரிதும் விரும்பப்படுவது ஷ்னாப்ஸ். டச்சு வணிகர்கள் காலத்தில் கரையேறிய அந்தச் சாராயம் எப்போதோ மூதாதையரின் பானமாகிவிட்டது. ஒருவர் இங்கே செய்த தொழிலை அங்கேயும் தொடர்வார், இங்கே இருந்த மதிப்போடு அங்கே போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணமும் உண்டு. மீன் பெட்டியை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அது இறந்தவரை மூதாதையர் கூட்டத்துக்கு அறிமுகம் செய்து வைக்கிறது.

இந்த நம்பிக்கை பழையது. பெட்டி புதியது. நடுவில் என்ன நடந்தது?

ஒரு பதில் 1888இல் இருக்கிறது. அதுவரை கா மக்கள் தங்கள் இறந்தோரை, குறிப்பாகக் குடும்பத்தில் முக்கியமானவர்களை, வீட்டுக்குள்ளேயே தரைக்கு அடியில் புதைத்தார்கள். மூதாதையர் காலடியிலேயே இருந்தார்கள். அந்த வீடு யாருடையது என்ற கேள்விக்கும் அதுவே பத்திரம். தாத்தா படுத்திருக்கும் தரையை எவன் விற்பான்? பிரிட்டிஷ் ஆட்சி இதைச் சுகாதாரக் கேடு என்று கண்டு சட்டம் போட்டுத் தடுத்தது. ஊருக்கு வெளியே கல்லறைத் தோட்டங்களைத் திறந்தது. அக்ராவின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்த ஜான் பார்க்கர், இந்தத் தடை அம்மக்களுக்கு எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்பதை எழுதியிருக்கிறார். பல குடும்பங்கள் மறைவாக வீட்டுக்குள் புதைப்பதைத் தொடர்ந்தன.

பெட்டிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தச் சட்டத்தை அதிகம் கவனிப்பதில்லை. எனக்கு இது திருப்புமுனையாகத் தெரிகிறது. வீட்டுக்குள் புதைக்கும்போது இறந்தவர் தெருவைக் கடக்க வேண்டியதில்லை. அறையிலிருந்து அறைக்குப் போனால் போதும். கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே போனதும் இறந்தவருக்கு ஒரு பயணம் வந்துவிட்டது. பயணம் என்றால் பார்ப்பவர்கள் உண்டு, வாகனம் வேண்டும், வாகனத்தில் யார் எப்படிப் போனார் என்ற பேச்சும் உண்டு. இன்று கா ஊர்களில் பெட்டியைத் தூக்குகிறவர்கள் நேராகக் கல்லறைக்குப் போவதில்லை. ஓடுகிறார்கள், சட்டென்று நிற்கிறார்கள், திரும்புகிறார்கள், சந்துக்குள் நுழைந்து வெளியே வருகிறார்கள். இறந்தவர் தான் பழகிய இடங்களிடம் விடைபெறுகிறார் என்பார்கள் சிலர். வீட்டுக்குத் திரும்பி வரும் வழி அவருக்கு மறந்துபோகட்டும் என்பார்கள் வேறு சிலர். இரண்டும் உண்மையாக இருக்கலாம். எப்படியிருந்தாலும், அந்த மீன் தெருவில் நீந்துவதைப் பார்த்தவர்களுக்கே அதன் உருவம் முழுமையாகப் புரியும். அருங்காட்சியகத்தின் பீடத்தில் அது அசையாமல் இருக்கிறது.

இனி வாகனத்துக்கு வருவோம். கா தலைவர்களை மான்ட்சே என்பார்கள். பெருவிழாக்களில் அவர்கள் பல்லக்கில் வருவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்ரா பகுதியில் சில தலைவர்களின் பல்லக்குகள் உருவம் பெற்றன: சிங்கம், யானை, கழுகு, அந்தந்தக் குடும்பத்தின் குலச்சின்னம். அந்தச் சின்னத்தில் ஏறும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு மட்டுமே. இன்றும் சிங்கம், கழுகு போன்ற உருவங்களைச் சாதாரணக் குடும்பம் சவப்பெட்டிக்குக் கேட்க முடியாது. அவை தலைவர்களுக்கும் பூசாரிகளுக்கும் உரியவை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மானுடவியலாளர் ரெகுலா ட்ஷூமி இந்தப் பல்லக்குகளைப் பின்தொடர்ந்து போய் முக்கியமான ஒன்றைக் கண்டார். தலைவரின் பல்லக்கு அவரோடு புதைக்கப்படுவதில்லை. அது வழிவழியாக வருவது. ஆனால் அந்தப் பல்லக்கைப் போலவே செய்த பெட்டியில் தலைவரைப் புதைப்பதுண்டு. அதாவது உருவப் பெட்டி ஏதோ ஒரு தச்சரின் திடீர்க் கனவில் பிறந்ததன்று. அரச மரியாதையின் நகலாக அது தொடங்கியது.

இந்தக் கண்டுபிடிப்புக்கு முன்பு உலகம் அறிந்திருந்த கதை வேறு. அதன் நாயகர் தெஷியைச் சேர்ந்த சேத் கானே க்வெய் என்ற தச்சர். ஒரு தலைவர் கோகோ காய் வடிவத்தில் பல்லக்கு கேட்டாராம். பல்லக்கு முடிவதற்குள் இறந்துபோனாராம். அதனால் பல்லக்கே பெட்டியாகிவிட்டதாம். பிறகு 1951இல் கானே க்வெய்யின் பாட்டி இறந்தார். தெஷிக்கு அருகே விமான நிலையம். தலைக்கு மேல் பறந்த விமானங்களைப் பார்த்து வியந்து, ஒரு நாளும் அதில் ஏறாமல் போன பாட்டிக்குப் பேரன் ஒரு விமானம் செய்து அதில் வைத்து அனுப்பினார். ஊர் அசந்தது, ஆர்டர்கள் வரத் தொடங்கின. அழகான கதை. பத்திரிகைகளும் அருங்காட்சியகங்களும் இதைச் சொல்லிச் சொல்லி, கானே க்வெய்யை ஒரு கலை வடிவத்தின் ஒற்றைத் தந்தையாக நிறுவின.

ட்ஷூமி லா ஊரில் சந்தித்த அட்டா ஓகோ இந்தக் கதையைச் சிக்கலாக்கினார். 1919 வாக்கில் பிறந்த இந்தத் தச்சர், அக்ராவில் தொழில் கற்றவர். அங்கே பார்த்த உருவப் பல்லக்குகளின் பாதிப்பில் 1945 அளவிலேயே உருவப் பெட்டிகள் செய்யத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார். சான்று? எல்லாம் மண்ணுக்குள். இந்தக் கலையின் வரலாற்றை எழுதுவதில் உள்ள அடிப்படைச் சிக்கல் இதுதான்: ஒவ்வொரு படைப்பும் தன் வேலையைச் சரியாகச் செய்து முடித்தால் அது இல்லாமல் போகும். ட்ஷூமி அவரிடம், செய்த பெட்டிகளை வரைந்து காட்டச் சொன்னார். எண்பதைத் தாண்டிய பிறகு அட்டா ஓகோ வண்ணப் பென்சில் எடுத்தார். முதலில் நினைவிலிருந்து பெட்டிகளை வரைந்தார். பிறகு ஆவிகளையும் விலங்குகளையும் தன் கனவுகளையும் வரைந்துகொண்டே போனார். 2010இல் லோசானிலுள்ள ஆர்ட் ப்ரூட் அருங்காட்சியகம் அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது. 2012இல் அவர் இறந்தார்.

யார் முதல் என்ற போட்டியில் எனக்கு அக்கறை குறைவு. ஒரே கடற்கரையில், சில மைல் இடைவெளியில், இரண்டு தச்சர்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே திசையில் நகர்ந்திருக்கிறார்கள் என்பதே பெரிய செய்தி. அவர்களை நகர்த்தியது காலம். 1951ஐயே எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு பிப்ரவரியில் கோல்ட் கோஸ்ட் என்று அன்று அழைக்கப்பட்ட நாட்டில் தேர்தல் நடந்தது. அக்ராவின் ஜேம்ஸ் கோட்டைச் சிறையில் இருந்தபடியே க்வாமே என்க்ருமா வென்றார். சிறையிலிருந்து வெளியே வந்து அரசை நடத்தத் தொடங்கினார். எந்த அரச குடும்பத்தையும் சேராத ஒரு பொற்கொல்லரின் மகன். அவருடைய கட்சி, தலைவர்களின் ஆட்சிக்கு எதிராகச் சாமானியர்களைத் திரட்டிய கட்சி. 1957 மார்ச் 6 அன்று நாடு விடுதலை பெற்றது. பாட்டியின் விமானம் அந்தத் தேர்தலால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இனி யார் வேண்டுமானாலும் உயரே தூக்கப்படலாம் என்ற காற்று அந்தக் கடற்கரையில் வீசிய ஆண்டில், பட்டமோ பதவியோ இல்லாத ஒரு மூதாட்டி உருவப் பெட்டியில் ஊர்வலம் போனார். குலச்சின்னம் இல்லாதவர்களுக்குத் தச்சர்கள் புதிய சின்னங்களைக் கண்டுபிடித்தார்கள். சிங்கம் கிடைக்காது, சரி, என் வெங்காயம் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்கக் கலை பற்றி நான் படித்தவற்றில் இதைவிடத் துணிச்சலான நகர்வு இல்லை. தலைவனின் மரியாதை மொழியை எடுத்து, சந்தையில் கூவி விற்றவளுக்கு அதைப் பேசியிருக்கிறார்கள்.

இதற்குப் பணமும் வேண்டியிருந்தது. அது கோகோவிலிருந்து வந்தது. டெட்டே க்வார்ஷி என்ற கா கொல்லர் பெர்னாண்டோ போ தீவிலிருந்து 1870களில் கொண்டுவந்த கோகோ விதைகளை மாம்பாங் மலையூரில் நட்டார். 1911க்குள் கோல்ட் கோஸ்ட் கோகோ உற்பத்தியில் உலகின் முதல் நாடாகிவிட்டது. பெருந்தோட்ட முதலாளிகள் இல்லாமல், சிறு விவசாயிகளின் கைகளால் நடந்த வளர்ச்சி அது. கோகோ காய் அந்த மண்ணில் பல்லக்கின் உருவமாகும் அளவுக்கு உயர்ந்ததில் வியப்பில்லை. டெட்டே க்வார்ஷி தொழில் கற்றது பேசல் மிஷன் பட்டறையில். 1828இல் அந்தக் கரையில் இறங்கிய இந்த சுவிஸ் கிறித்தவ அமைப்பு வேதத்தோடு கூடவே தச்சும் கொல்லும் கற்றுக்கொடுத்தது. நம் பக்கத்தில் மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியதும் அதே பேசல் மிஷன்தான். தமிழ்நாட்டில் எத்தனையோ பழைய வீடுகளின் கூரைக்குப் பின்னாலும் அக்ராவின் தச்சு மரபுக்குப் பின்னாலும் ஒரே நிறுவனத்தின் கை இருந்திருக்கிறது.

தச்சு கற்றுக்கொடுத்த கிறித்தவத்துக்கு இந்தப் பெட்டிகளோடு ஒத்துப்போகவில்லை. மூதாதையர் வழிபாட்டின் வாசனை அடிக்கிறது என்று பல சபைகள் உருவப் பெட்டிகளைத் தேவாலயத்துக்குள் அனுமதிப்பதில்லை. கா மக்களில் பெரும்பாலோர் இன்று கிறித்தவர்கள். ஆகவே இது ஊருக்கும் தேவாலயத்துக்கும் நடுவிலான சண்டை அன்று, ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் நடக்கும் பேச்சு. தச்சர்கள் அதற்கும் ஒரு வழி கண்டார்கள்: பைபிள் வடிவப் பெட்டி. கறுப்பு அட்டை, பொன்னெழுத்து, விளிம்பில் தாள்களின் கோடுகள். தேவாலய வாசலைத் தாண்டும் உருவம் அது.

வெளிநாட்டினர் 1970களின் தொடக்கத்தில் வந்தார்கள். கலிபோர்னியாவைச் சேர்ந்த விவியன் பர்ன்ஸ் என்ற கலைக்கூட உரிமையாளர் கானே க்வெய்யிடம் பெட்டிகள் செய்யச் சொல்லி வாங்கிச் சென்றார். கானே க்வெய்யின் கோகோ காய் ஒன்று இன்று சான் பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1989இல் பாரிஸின் பொம்பிடு மையத்தில் ஜான் உபெர் மார்த்தான் அமைத்த 'பூமியின் மந்திரவாதிகள்' கண்காட்சி பெட்டிகளை உலகக் கலைச் சந்தைக்குள் கொண்டுவந்தது. கானே க்வெய் 1992இல் மறைந்தார். அவரிடம் தொழில் கற்று 1976இல் நுங்குவாவில் தனிப் பட்டறை போட்ட பா ஜோவின் கழுகு ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் இறுதிச் சடங்குகளுக்கென்றே இருக்கும் அருங்காட்சியகத்தில் ஒரு தொகுதியே உண்டு.

இதனால் தச்சர்களுக்குப் பெயரும் வருமானமும் கிடைத்தன. அதை எவரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் பெட்டி மாறியது. உள்ளூருக்கு வாவா மரம் போதும். பூச்சி அரித்தால் என்ன, மண்ணுக்குத்தானே போகிறது? வெளிநாட்டுக்குப் போகும் பெட்டி கப்பலில் விரிசல் விடக் கூடாது, குளிரூட்டிய அறையில் வளையக் கூடாது, நூறாண்டு நிற்க வேண்டும். அதற்கு உறுதியான மரம், உலரவைத்த பலகை, கூடுதல் நேரம், பலமடங்கு விலை. உருவமும் மாறியது. வெளிநாட்டார் கழுகும் சிங்கமும் கேட்கிறார்கள். ஊரில் அவை யாருக்கு உரியவை என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. நாம் அருங்காட்சியகங்களில் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை ஒரு நாளும் எந்த உடலையும் ஏற்காதவை, எந்தத் தெருவிலும் ஆடாதவை. விளக்கப் பலகையில் ஆண்டும் மரமும் தச்சரின் பெயரும் இருக்கும். 'இது விற்பனைக்காகச் செய்யப்பட்டது. இதைப் போன்றதில் இன்னார் அடக்கம் செய்யப்படுவர். இந்த உருவத்துக்கு ஊரில் இன்ன கட்டுப்பாடு உண்டு' என்ற மூன்று வரிகளும் அங்கே இருந்தாக வேண்டும் என்று நினைக்கிறேன். அவை இல்லாத பலகை, பார்ப்பவரை வினோதத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

அருங்காட்சியகத்துக்கென்றே செய்யப்பட்டும் இந்த மரபின் உள்ளுக்குள் போய்த் தொட்ட ஒரு தொகுதி உண்டு. நியூயார்க்கில் கலைக்கூடம் நடத்திய கிளாட் சிமார் 2000களின் நடுவில் பா ஜோவிடம் கேட்டவை மீனும் காரும் அல்ல, கோட்டைகள். கோல்ட் கோஸ்ட் கரையில் ஐரோப்பியர் எழுப்பி, அடிமைகளைக் கப்பலேற்றிய கோட்டைகள். எல்மினா, கேப் கோஸ்ட், ஒசுவிலுள்ள டேனிஷ்காரர்களின் கிறிஸ்டியன்ஸ்போர்க். வெள்ளைச் சுவர்களும் படிக்கட்டுகளும் பீரங்கி மாடங்களுமாக, பெரிய அளவில் பதின்மூன்று கோட்டைகளைப் பா ஜோ செய்தார். 2020இல் அட்லாண்டாவின் ஹை அருங்காட்சியகம் அவற்றில் சிலவற்றைக் காட்சிக்கு வைத்தது. காட்சியின் பெயர், திரும்பி வர முடியாத வாசல்கள். இந்தப் பெட்டிகளுக்குள் யாரையும் வைக்கப் போவதில்லை. ஆனால் கா நம்பிக்கையின்படி யோசித்துப் பார்க்க வேண்டும். முறையாக அனுப்பி வைக்கப்படாதவர் மூதாதையர் கூட்டத்தில் சேர முடியாது. அந்த வாசல்கள் வழியே போய் நடுக்கடலில் தூக்கியெறியப்பட்டவர்களுக்கு யாரும் மது ஊற்றவில்லை, எவரும் பெட்டி சுமக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் பிறரை அனுப்பிவைக்கும் வேலை செய்த ஒரு தச்சர் தன் ஊர்க் கரையிலுள்ள கோட்டையைப் பெட்டியாகச் செய்திருக்கிறார். இந்த ஒரு தொகுதியை அருங்காட்சியகத்தில் வைப்பது சரி. இவர்களுக்கு வேறு கல்லறை இல்லை.

கானாவுக்குள்ளேயே எழும் ஒரு விமரிசனத்தையும் கேட்க வேண்டும். சாவுச் செலவு குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது என்று மதத் தலைவர்களும் அரசியல்வாதிகளும் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். மார்ச்சுவரிக்கு நாள் கணக்கில் கட்டணம், சுவரெங்கும் ஒட்டும் மரண அறிவிப்புச் சுவரொட்டி, கறுப்பும் சிவப்புமாகவோ, கல்யாணச் சாவென்றால் கறுப்பும் வெள்ளையுமாகவோ எல்லோருக்கும் துணி, பந்தல், சாப்பாடு, இசை. இவற்றோடு உருவப் பெட்டி என்றால் ஒரு கூலிக்காரரின் பல மாத வருமானம் போய்விடும். உயிரோடிருந்தபோது மருந்து வாங்கப் பணமில்லை, செத்த பிறகு பென்ஸ் கார் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அதற்கு ஊர் சொல்லும் பதிலும் உண்டு. செலவு ஒரு வீட்டின் தலையில் விழுவதில்லை. பரந்த குடும்பம் முழுவதும் பங்கு போடுகிறது, வருகிறவர்கள் எல்லோரும் பணம் தருகிறார்கள், அது கணக்கில் எழுதப்படுகிறது. யார் வந்தார், யார் வரவில்லை, யார் எவ்வளவு தந்தார் என்பதில் அடுத்த பத்தாண்டு உறவு நிற்கிறது. மொய் நோட்டுப் புரட்டிய எவருக்கும் இந்தக் கணக்கு பழக்கமானது. உருவப் பெட்டியை எல்லோரும் வாங்குவதுமில்லை. கா ஊர்களிலும் பெரும்பாலோர் சாதாரணப் பெட்டியில்தான் போகிறார்கள்.

இன்று கானே க்வெய்யின் பேரன் எரிக் அஜெடே அனாங், குஜோ அஃபுட்டு போன்ற அடுத்த தலைமுறைத் தச்சர்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ப் பட்டறை நடத்துகிறார்கள். கலைஞர்களோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். பா ஜோ பட்டறையை அக்ராவுக்கு வெளியே போபிமானுக்கு மாற்றிக்கொண்டார். புதிய உருவங்களும் வந்துவிட்டன: கைப்பேசி, விளையாட்டுக் காலணி, குளிர்பானப் பாட்டில். ஒரே பட்டறையில் அயல்நாட்டுக் கண்காட்சிக்கு உறுதியான மரத்தில் ஒன்றும், பக்கத்துத் தெருக் குடும்பத்துக்கு வாவா பலகையில் ஒன்றும் அருகருகே உருவாகலாம். முன்னதற்கு ஒப்பந்தமும் கப்பல் தேதியும் இருக்கும். பின்னது சனிக்கிழமை காலைக்குள் முடிந்தாக வேண்டும். மார்ச்சுவரியில் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கிறது, ஊருக்குச் சொல்லியாகிவிட்டது, சுமக்கும் ஆட்களுக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது.